கருங்கல்லில் உளிபட்ட வெண்புள்ளி: ‘கன்றல்’ எனலாமா?

வணக்கம்.

சிற்பத்தொழில் சொற்பட்டியலில் ‘ஸ்டன் மார்க்’ (stun mark, உளியடியால் கல்லில் விழும் வெண்புள்ளி) இன்னும் தமிழாகாமல் நிற்கிறது. கருங்கல்லில் உளி செங்குத்தாக, பலமாக இறங்கினால் சில்லு தெறிப்பதில்லை. அடிவிழுந்த இடத்துக்குக் கீழே கல் உள்ளுக்குள்ளேயே நொறுங்குகிறது. கல்லின் கனிம மணிகளுக்குள் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. அவற்றில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். குழி இருக்காது, கல்லும் உடைந்திருக்காது. மெருகு ஏறிய பிறகுதான் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

‘அடித்தழும்பு’ பொருந்தாது, தழும்பு மேலே இருப்பது. அடிபட்ட தோல் கன்றிப்போவதைப் போல இது உள்ளே இருப்பது. அதனால் ‘கன்றல்’ என்கிறேன்.

* * *

> குழி இருக்காது, கல்லும் உடைந்திருக்காது

இதோடு ‘நனைந்தால் மங்கும்’ என்பதையும் சேருங்கள். விரிசலுக்குள் நீர் புகுந்ததும் ஒளிச்சிதறல் குறைந்துவிடும். தண்ணீர் விட்டு இழைக்கும்போது கல் சுத்தமாகத் தெரியும். காய்ந்ததும் புள்ளிகள் வரிசையாக எழும்பி வரும். ஒவ்வொரு கட்டத்திலும் கல்லை உலரவிட்டுப் பார்க்காதவர்கள் ஏமாறுவது இங்கேதான். (எண்ணெய்க்காப்பு ஏறிய சிலையில் இதைக் கண்டுபிடிப்பது கடினம்!)

காரணத்தில் மழுங்கிய உளிக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். கூர் போன முனை செதுக்காது, நசுக்கும். இரும்பு உளியை உலையில் காய்ச்சித் தட்டித் துவைச்சல் வைக்கலாம் (நீரில் தோய்த்து முனையைக் கடினமாக்கலாம்). டங்ஸ்டன் கார்பைடு முனையைப் பச்சை சிலிக்கான் கார்பைடு சக்கரத்திலோ வைரச் சக்கரத்திலோதான் தீட்ட வேண்டும். பருவெட்டில் (முதற்கட்டக் கரட்டு வெட்டில்) உளி நிமிர்ந்து நிற்பது தவறில்லை. ஆனால் கன்றல் சில மி.மீ. ஆழம் வரை இறங்கும் என்பதால், முடிவுப் பரப்புக்கு மேல் அந்த அளவு கல்லை விட்டுவைத்து, அங்கிருந்து உளியைச் சாய்த்து, சிறு சுத்தியால் மெல்ல எடுக்க வேண்டும். காற்றழுத்த உளியில் ஒவ்வொரு அடியும் லேசுதான். ஒரே இடத்தில் நிறுத்தினால் அதுவும் கன்றவைக்கும்.

விழுந்த கன்றலை மெருகால் போக்க முடியாது. தேய்ப்புத் தகட்டின் மணல் எண் 50, 100, 200, 400 என்று ஏறி 400-இல் புள்ளி தெரிந்தால் திரும்ப 50-க்கோ வைரக் கிண்ணச் சக்கரத்துக்கோ இறங்கத்தான் வேண்டும். புள்ளியை மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து, 3000 முடித்த பரப்பில் பிம்பம் நெளியும்.

* * *

‘கன்றல்’ குறையைச் சொல்லும் சொல். அதே வெண்மையை வேண்டுமென்றே வரவழைப்பதை என்ன செய்வது? மெருகேற்றிய கறுப்புக் கிரானைட்டில் (வணிகப் பெயர்தான் கிரானைட், பெரும்பாலும் அது டோலரைட் அல்லது கேப்ரோ என்னும் வேறு பாறை) வைரமுனையால் புள்ளி புள்ளியாகத் தட்டி முகம் வரைகிறார்கள். புள்ளி நெருங்கினால் வெளிச்சம், விலகினால் நிழல். ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சியின் பிற்காலப் பசால்ட் சிற்பங்களிலும் மெருகிட்ட கருமைக்குப் பக்கத்தில் உளிபட்ட வெளிர்சாம்பல் பரப்பு அப்படியே நிற்கிறது. அதைக் குறை என்று யார் சொல்வார்? ‘வெளிறல்’ என்றால் இரண்டுக்கும் பொதுவாகும்.

* * *

ஐயா, ‘வெளிறல்’ அளவுக்கு மீறிப் பொதுவாகிவிடும். வெயிலில் நிறம் போனாலும் வெளிறல், சுண்ணம் படிந்தாலும் வெளிறல். பழைய சிலையைச் சீர்செய்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம்: தெரியாத ஓரத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் சுண்ணப்படிவு பொங்கும், கன்றல் அப்படியே இருக்கும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பதிவேடு பயனற்றுப்போகும்.

வேண்டுமென்றே செய்வதற்கு ‘பொளி’ இருக்கிறதே. அம்மி பொளிகிறவர் வாயில் இன்றும் புழங்கும் சொல். விளைந்த நிறத்துக்குப் ‘பொளிவெளுப்பு’, வேலைக்குப் ‘பொளிதல்’. தானாக, வேண்டாமல் நேர்வது ‘கன்றல்’. கன்று என்பது செயப்படுபொருள் குன்றிய வினை, பொளி என்பது செயப்படுபொருள் குன்றா வினை. இலக்கணமே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

பதிவு இப்படி இருக்கலாம்: “கன்றல் (பெ.): உளி அல்லது சுத்தியின் அடியால் கல்லின் பரப்புக்குக் கீழே உண்டாகும் நுண்விரிசல் தொகுதி, உலர்ந்த நிலையில் வெண்புள்ளியாகத் தெரியும், நனைந்தால் மங்கும்.”

அடுத்து, முகத்தில் பல் பல்லாக வைத்த ‘புஷ் ஹாமர்’. ‘பல்சுத்தி’ என்று வைத்தால் 16 பல், 25 பல் என்று எண்ணோடு எழுதவும் வசதி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.