மேல் டிவிசன் குடும்பம் 🌿: பாப்பா ப்ரொக்ஸி வாங்குன கதை

வியாழக்கிழமை

அட்டன் மாமா (6.04): 🌹 இனிய காலை வணக்கம் உறவுகளே 🌹 இன்று நல்லதே நடக்கும்

நான் (6.31): வணக்கம் மாமா. கொழும்பு அண்ணே இருக்கீங்களா, ஒரு விசயம் கேக்கணும், அந்த சைட்டுகள்ல இருந்து ஓட்டல் வெலை எடுக்குற வேலை சொன்னேன்ல, ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா எல்ல கண்டி மூனு எடத்துலயும் 300 ஓட்டல், வாற 60 நாளுக்கும் ரூம் வெலை, தினம் ரெண்டு தடவ எடுத்து குடுக்கணும், நேத்து ராத்திரி புரோகிராம ஓட விட்டுட்டு படுத்தேன் காலையில பாத்தா 4,000 சொச்சம் பக்கத்தோட நின்னு கெடக்கு, அதுக்கு மேல எல்லாம் 429 தான், ப்ரொக்ஸி வாங்குங்கன்னு கம்பனில சொல்றாங்க, பாத்தா நூறு சாதி இருக்கு எத வாங்குறதுன்னே தெரியல

கொழும்பு அண்ணே (6.50): 429னா கோரிக்கை அளவுக்கு மிஞ்சி போச்சுன்னு அவங்க சேர்வர் சொல்லுது தங்கச்சி. பஸ்ல நிக்கிறேன், எறங்கிட்டு எழுதுறேன்

அம்மா (9.42): தேத்தண்ணி நேரம். ப்ரொக்ஸின்னா என்னா பாப்பா. ராத்திரி பூரா லைட்ட போட்டு வச்சிருந்தது இதுக்கு தானா

நான் (9.43): நம்ம நேரா போகாம நடுவுல ஒரு சேர்வர் நம்மளுக்கு பதிலா போய் பக்கத்த எடுத்துட்டு வரும்மா. அந்த பக்கம் பாக்குறவனுக்கு அந்த சேர்வரோட ஐபி, அதான் நெட்டு விலாசம், மட்டும் தான் தெரியும்

அம்மா (9.45): ஆ காலையில பேரு பதியுற பெரட்டுல ஒருத்திக்கு பதிலா இன்னொருத்தி பேரு குடுக்குற மாதிரி. கணக்கப்புள்ள கண்டா தெரியும் 😄

பண்டாரவளை அக்கா (9.58): சித்தி சரியா புடிச்சுட்டாங்க. எங்க ஸ்கூல் லேப்லயும் ஒன்னு இருந்துச்சு, ஸ்க்விட்னு, ஒரு புள்ள பாத்த பக்கத்த சேத்து வச்சு அடுத்த புள்ளைக்கு அதையே குடுக்கும், டேட்டா மிச்சம். ஆனா பாப்பாக்கு அது சரி வராது, வெளிய போறது ஒரே ஐபில தானே

அட்டன் மாமா (10.10): எதுக்கு சல்லி குடுத்து வாங்குறீங்க. நெட்டுல ஃப்ரீ லிஸ்டே இருக்கு. 2018ல திகன கலவரம் நேரம் பேஸ்புக் வாட்ஸ்அப் எல்லாத்தையும் பூட்டுனப்ப நான் ஃப்ரீ விபிஎன் போட்டு தானே ஊருக்கே செய்தி சொன்னேன்

கொழும்பு அண்ணே (10.34): மாமா அது போன் மொத்தத்தையும் ஒரே வழியில அனுப்புறது, பாப்பாக்கு வேண்டியது அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் நெறைய வழி. ஃப்ரீ லிஸ்ட்ல இருக்குறத யாரு நடத்துறாங்கன்னே தெரியாது, பூட்டு இல்லாத சைட்னா போறது வாறது அத்தனையும் அவன் படிக்கலாம், மாத்தியும் அனுப்பலாம், பூட்டு போட்ட எச்டிடிபிஎஸ் சைட்னா எந்த சைட்டுக்கு போறோம்னு மட்டும் தெரியும், அதுக்கு மேல பாக்கணும்னா சேர்டிபிகேட் ஒன்ன போட சொல்லுவான், அப்பிடி சொன்னா அந்த பக்கமே தலை வச்சு படுக்காத. அதோட பாதி செத்துக் கெடக்கும், 36,000 பக்கம் எடுக்குற வேலைக்கு அத நம்ப ஏலாது

நான் (10.36): 36,000?

கொழும்பு அண்ணே (10.41): கணக்கு போடலயா நீ? 300 ஓட்டல் பெருக்கல் 60 நாள் 18,000, ரெண்டு தடவன்னா 36,000. பிரவுசர தொறந்து போட்டோ எல்லாம் ஏத்தி ஒரு பக்கம் 2 எம்பின்னு வை, ஒரு நாளைக்கு 72 ஜிபி, மாசம் 2,000 ஜிபி தாண்டும். போட்டோ வீடியோ எழுத்துரு எல்லாத்தையும் நிப்பாட்டி வெலை வாற அந்த துண்ட மட்டும் எடுத்தா 80 கேபி தான், அப்ப அதே 36,000 பக்கமும் 3 ஜிபிக்குள்ள. எந்த ப்ரொக்ஸின்னு பாக்க முன்னுக்கு இத செய், இல்லாட்டி எத வாங்குனாலும் தோட்டத்தையே வித்தாலும் காணாது

நான் (10.43): ஐயோ. நான் பிரவுசர தொறந்து தான் எடுக்குறேன்

கொழும்பு அண்ணே (10.44): அதுவும் வீட்டு 4ஜி ரவுட்டர்ல

நான் (10.44): ம்ம்

கொழும்பு அண்ணே (10.52): நெறைய பேரு இதுல தான் ஏமாறுறாங்க. ப்ரொக்ஸி வாங்குனா நம்ம டேட்டா மிச்சம்னு நெனைக்கிறாங்க, இல்ல, புரோகிராம் ஓடுறது உன் மெசின்ல தானே, ப்ரொக்ஸி எடுத்துட்டு வாற ஒவ்வொரு எம்பியும் கடைசியில உன் ரவுட்டர் வழியா தான் வீட்டுக்குள்ள வரணும், அங்கயும் சல்லி இங்கயும் சல்லி. சிங்கப்பூர்ல சின்னதா ஒரு விபிஎஸ், அதான் தூரத்துல எப்பவும் ஓடிக்கிட்டு இருக்குற கம்பியூட்டர், வாடகைக்கு எடுத்து புரோகிராம அதுல போடு, வேலைய அது பாக்கும், வீட்டுக்கு முடிஞ்ச எக்செல் மட்டும் வரும். கரண்ட் போனாலும் மிஸ்ட்டு எறங்கி சிக்னல் போனாலும் அது பாட்டுக்கு ஓடும்

அம்மா (12.15): லைட்டும் அணைக்கலாம்

நான் (12.40): சரிண்ணே விபிஎஸ் எடுக்குறேன். அப்ப ப்ரொக்ஸி எந்த சாதி? டேட்டாசென்டர், ரெசிடென்ஷியல், ஐஎஸ்பி, மொபைல்னு போட்டிருக்காங்க, வெலை மலைக்கும் மடுவுக்கும் இருக்கு

கொழும்பு அண்ணே (13.05): டேட்டாசென்டர்னா சேர்வர் ரூம்ல இருக்குற ஐபி, வேகம், மலிவு, நெறைய இடத்துல ஐபி ஒன்னுக்கு மாசம் இவ்வளவுன்னு வாங்குவான், எத்தன ஜிபி போனாலும் பெருசா கணக்கு பாக்க மாட்டான். ஆனா இது வீட்டு ஐபி இல்லன்னு சைட்காரன் லேசா கண்டுபுடிச்சிருவான். ரெசிடென்ஷியல்னா ஆளுக வீட்டு லைன், புடிக்கிறது கஷ்டம், ஆனா ஜிபி கணக்கு. ஐஎஸ்பின்னு சொல்றது ரெண்டுக்கும் நடுவுல, சேர்வர் ரூம்ல தான் இருக்கும் ஆனா ஐபி இன்டர்நெட் கம்பனி பேருல பதிஞ்சிருக்கும். மொபைல் தான் பெரிய வெலை, ஒரு ஐபிக்கு பின்னால நூத்துக்கணக்குல போன் இருக்கும், அத பூட்டுனா தன்னோட கஸ்டமரும் சேந்து போயிருவான்னு சைட்காரனே யோசிப்பான், அது உனக்கு வேணாம்

அம்மா (13.11): அப்ப ஒன்னு பேருக்கு, நாள் சம்பளம் மாதிரி, ஒன்னு கைகாசுக்கு, பறிச்ச கிலோவுக்கு

கொழும்பு அண்ணே (13.12): சித்தி 👏👏 அதே தான். டேட்டாசென்டர் பேரு கணக்கு, ரெசிடென்ஷியல் கைகாசு, கிலோவுக்கு இவ்வளவு

அம்மா (13.14): கைகாசுன்னா கொழுந்து கொறைய இருக்குற அன்னைக்கு நட்டம் அவனுக்கில்ல நமக்கு தான். கொழுந்த நெறுக்குறப்ப தண்ணின்னு சொல்லி எடைய கழிப்பான் அதயும் பாத்துக்க

நான் (13.20): 😂 அம்மா சொல்றதுல விசயம் இருக்குண்ணே, பக்கம் வராம தடுத்துட்டான்னா அந்த தடுப்பு பக்கத்துக்கும் டேட்டா வெட்டுவாங்களா?

கொழும்பு அண்ணே (13.31): நெறைய இடத்துல வெட்டுவான். அதான் ஜிபி வெலைய பாக்காத, சரியா வந்த ஆயிரம் பக்கத்துக்கு எவ்வளவு போச்சுன்னு பாரு. முதல்ல டேட்டாசென்டர் 20 ஐபி மட்டும் ஒரு மாசத்துக்கு எடுத்து 500 பக்கம் விட்டு பாரு. வாங்க முன்ன கேளு, அந்த 20ம் ஒரே சப்நெட்டான்னு, அதான் அடுத்தடுத்த நம்பர்ல இருக்குற ஒரே கூட்டமான்னு. ஒரே லயத்துல, ஒரே வரிசை வீட்டுல, 20 காம்பரா எடுத்தா, சைட்காரன் ஒருத்தன புடிச்சதும் லயத்தயே பூட்டிருவான், அடுத்தடுத்த 256 ஐபியும் ஒரே அடியில போகும். வேற வேற லயத்துல குடுன்னு கேளு. ஒரே நேரத்துல எத்தன கனெக்சன் விடுவான்னும் கேளு, அன்லிமிட்டட்னு பெருசா போட்டுட்டு கீழ பொடி எழுத்துல நியாயமான பாவனைன்னு எழுதியிருப்பான், நம்ம நாட்டு டேட்டா பெக்கேஜ் எல்லாம் பாத்த நமக்கு அது புதுசா என்ன

நான் (13.36): ப்ரொக்ஸிக்குள்ள விட பாஸ்வேர்டா, இல்ல இந்த ஐபில வந்தா மட்டும் விடுன்னு ஐபி வைட்லிஸ்டான்னு கேக்குறாங்க

கொழும்பு அண்ணே (13.40): வீட்டு ஐபிய ஒரு நாளும் குடுக்காத. 4ஜில உனக்குன்னு தனி ஐபி கெடையாது, ஊர்ல பாதி பேரு அதே ஐபில தான் வெளிய போறாங்க, அதுவும் மாறிக்கிட்டே இருக்கும், அத வைட்லிஸ்ட் பண்ணுனா அந்த ஐபில வாற எவனும் உன் சல்லில ஓட்டலாம். விபிஎஸ் ஐபிய குடு, அது நிலையா இருக்கும்

அட்டன் மாமா (18.22): ரெசிடென்ஷியல்னா வீட்டு லைன்ங்குறியே தம்பி, அது நம்ம வீட்டு லைனயும் விக்கலாமா? நான் ஒரு ஆப் போட்டு மூனு மாசம், போன சும்மா வச்சிருந்தா டொலர் வரும்னு. 1 டொலர் 40 சதம் சேந்திருக்கு. 5 ஆனா தான் எடுக்கலாமாம்

கொழும்பு அண்ணே (18.23): மாமா!!

அட்டன் அத்தை (18.25): அதுக்கு தானா கூகுள தொறந்தா பஸ்ஸு படத்த தொடு லைட்டு கம்பத்த தொடுன்னு என்னைய வதைக்குது? நேத்து மின்சார பில்லு கட்ட போனா உள்ளயே விடல

கொழும்பு அண்ணே (18.37): அதே தான் அத்தை. எவனோ ஒருத்தன் உங்க லைன் வழியா ஆயிரக்கணக்குல பக்கம் எடுக்குறான், கூகுளுக்கு நீங்க தான் ரோபோ. பக்கம் எடுத்தா கூட பரவால்ல, திருட்டு கார்டுல சாமான் வாங்குனாலும் வாங்குனது மாமா வீட்டு ஐபில தான் விழும், தேடி வாறவன் முதல்ல உங்க கதவ தான் தட்டுவான். 2024 மே மாசம் அமெரிக்காவுல 911 எஸ்5னு ஒன்ன உடைச்சாங்க, 1 கோடி 90 லட்சம் ஐபிக்கு மேல, ஃப்ரீ விபிஎன்னுக்குள்ள ஒளிச்சு வச்சு ஆளுக கம்பியூட்டர அவங்களுக்கே தெரியாம வாடகைக்கு விட்டிருக்கானுக, நடத்துனவன சிங்கப்பூர்ல வச்சு புடிச்சாங்க. கழட்டுங்க மாமா இப்பவே

கொழும்பு அண்ணே (18.39): தங்கச்சி நீ ரெசிடென்ஷியல் வாங்குற நெலம வந்தா இந்த வீட்டு லைன் எல்லாம் எங்க இருந்து எடுக்குறன்னு விக்கிறவன்கிட்ட கேளு. மழுப்புனான்னா விட்டுரு. அந்தப் பக்கம் இருக்குறது இன்னொரு மாமா தான்

பண்டாரவளை அக்கா (18.45): இன்னொன்னு பாப்பா, வெலைய மட்டும் எடு. ரிவியூ எழுதுனவங்க பேரு போட்டோ எதயும் தொடாத, நம்ம நாட்டுலயும் 2022ல தனிப்பட்ட தரவு பாதுகாப்பு சட்டம் வந்துருச்சு. அந்த சைட்டோட ரோபோட்ஸ் ஃபைலயும் வாசி, எடுக்காதன்னு சொன்ன எடத்த எடுத்துட்டு 429 வருதுன்னு அழக்கூடாது

கொழும்பு அண்ணே (18.49): கம்பனில அந்த சைட்டோட ஏதும் ஒப்பந்தம் இருக்கான்னும் கேட்டு பாரு

சனிக்கிழமை

நான் (11.20): அண்ணே கேட்டேன். ஒரு சைட்டோட ஏற்கனவே ஒப்பந்தம் இருக்காம், 190 ஓட்டலோட வெலை ஏபிஐ, அதான் அவங்களே தரவ நேரா குடுக்குற வழி, அது வழியாவே வரும், சாவி ஒரு வருசமா யாரோ ஒருத்தரோட மெயில்ல தூங்குது 🤦🏽‍♀️ மிச்சம் 110 தான். அதுலயும் கிட்டத்து 14 நாளைக்கு மட்டும் தினம் ரெண்டு தடவ, மத்த நாளுக்கு மூனு நாளைக்கு ஒருக்கா போதும்னு சொல்ல வச்சுட்டேன், இப்ப ஒரு நாளைக்கு 4,800 பக்கம் கூட இல்ல, 80 கேபி கணக்குல மாசம் 12 ஜிபிக்குள்ள வருது. டேட்டாசென்டர் 20 ஐபி நாலு சப்நெட்ல எடுத்து, பக்கத்துக்கு பக்கம் நாலு செக்கன் விட்டு ஓட்டுனேன், 500ல 463 வந்துச்சு

கொழும்பு அண்ணே (11.31): போதும். வராத 37ஐ ராத்திரி திரும்ப விடு. ரெசிடென்ஷியல் ஒன்னும் வேணாம். லண்டன்ல இருந்து பாத்தா என்னா வெலைன்னு கம்பனி கேட்டா மட்டும் அந்த நாட்டு ஐபி ரெண்டு எடு

அட்டன் மாமா (11.48): ஆப்ப கழட்டிட்டேன். முன்ன டேட்டா கார்டு போட்டா மூனு கெழமையில முடியும், ரெண்டு நாளா ஒரு ஜிபி கூட போகல

அட்டன் அத்தை (11.52): பஸ்ஸு படமும் கேக்கல. பாப்பா நாளைக்கு அட்டன் வந்தா அந்த டிவி பொட்டியயும் பாரு, எல்லா சேனலும் ஃப்ரீன்னு புறக்கோட்டையில வாங்கிட்டு வந்தாரு

கொழும்பு அண்ணே (11.53): பேர் தெரியாத ஆண்ட்ரொய்ட் பொட்டியா? எஃப்பிஐ 2025 ஜூன்ல எச்சரிக்க குடுத்ததே அந்த மாதிரி பொட்டிகளுக்கு தான், மாமாவோட ஆப் மாதிரி ஒன்ன உள்ளுக்கு வச்சே விக்கிறானுக. பாப்பா வாற வரைக்கும் வைஃபைல இருந்து கழட்டி வைங்க அத்தை

அட்டன் அத்தை (11.58): கழட்டியாச்சு. மாமா இப்ப ரேடியோ கேக்குறாரு