கில்மேன் மூன்றாம் படம்: பார்த்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

ஹாலிவுட் நிறுவனமான யூனிவர்சலின் பழைய கில்மேன் (பாதி மீன், பாதி மனிதன் போன்ற பயங்கர உயிரினம்) படங்கள் மூன்றையும் எங்கள் திரைப்பட வட்டத்தில் ஒரே நாளில் திரையிடலாம் என்று இருக்கிறோம். 1954இல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' பற்றிச் சொல்லவே வேண்டாம். 1955இல் வந்த இரண்டாவதும் ஓடிவிடும். கிளின்ட் ஈஸ்ட்வுட் முதன்முதலில் தலைகாட்டிய படம் என்று சொன்னாலே ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

இடிப்பது 1956இல் வந்த 'தி கிரியேச்சர் வாக்ஸ் அமங் அஸ்' தான். முதல் இரண்டும் முப்பரிமாணம்; இதில் அதுவும் இல்லை. தீயில் வெந்து செவுள் போனதும் கில்மேனை நுரையீரலால் மூச்சுவிட வைத்து, உடுப்பு வேறு மாட்டிவிடுகிறார்கள்! தண்ணீருக்குள் கில்மேன் வேடத்தில் ரிக்கோ பிரவுனிங் நீந்தும் அழகுக்குத்தானே இந்தத் தொடரையே பார்ப்பது? இங்கே பெரும்பாலும் அதே வேடத்தில் டான் மெகோவன் தரையில் தொம் தொம்மென்று நடக்கிறார். நடுவில் சந்தேகப் புருஷன் கதை வேறு. ஆனால் கடைசியில், நீரில் மூச்சுவிட முடியாத அந்த நிலையிலும் அது கடலைப் பார்த்துப் போகும் இடம் மட்டும் மனதை என்னமோ செய்கிறது.

அதற்காக முழுப் படத்தையும் போடலாமா, கடைசிப் பகுதியை மட்டும் காட்டிப் பேசலாமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், மூன்றுக்கும் தமிழ் சப்டைட்டில் யாராவது செய்து வைத்திருக்கிறீர்களா? பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள்.