தேனீக்களை மிக அருகில் படமெடுக்க எந்தக் கேமராவை வாங்கலாம்?

கேள்வி: ரப்பர்த்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துக்கு அருகே வசிக்கும் நான், பள்ளியில் தாவரவியல் கற்பிக்கிறேன். வீட்டுத் தோட்டத்தில் நான்கு பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்க்கிறேன். கிணற்றுச் சுவரின் விரிசலில் கொசுத்தேனீக்கள் பல ஆண்டுகளாகக் குடியிருக்கின்றன. கத்தரிப் பூக்களுக்கு நீலப்பட்டைத் தேனீக்கள் தவறாமல் வருகின்றன. இம்மூன்றையும், பின்னங்காலின் மகரந்தக் கூடையும் சிறகு நரம்புகளும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, மாணவர்களுக்குச் சுவர்ப்படமாக அச்சிட்டுத் தர விரும்புகிறேன்.

இதுவரை கைபேசியில்தான் முயன்றேன். நெருங்கினால் தேனீ பறந்துவிடுகிறது. விலகி நின்று எடுத்துப் பெரிதாக்கினால் உடல் மயிர்கள் கரைந்து வெறும் பழுப்புத் திட்டாகத் தெரிகின்றன. 50,000 ரூபாய் வரை செலவிட முடியும். ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கும் சிறிய கேமரா, நீண்ட ஜூம் கேமரா, பழைய டிஎஸ்எல்ஆருடன் (லென்ஸை மாற்றக்கூடிய கேமரா) மேக்ரோ லென்ஸ் (சிறு பொருள்களை மிக அருகில் எடுப்பதற்கான லென்ஸ்) ஆகிய மூன்றில் எது என் தேவைக்கு ஏற்றது? குறைந்தது எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

பதில் 1: கருவண்டு

வணக்கம் ஐயா. மெகாபிக்சலை ஒதுக்கிவிட்டு, தேனீயின் நீளத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். இந்தியத் தேனீயின் வேலைக்காரி ஏறத்தாழ 10 மி.மீ. நீளம், கொசுத்தேனீயோ 4 மி.மீ. அளவுதான். மேக்ரோ லென்ஸ்களில் 'ஒன்றுக்கு ஒன்று' என்று குறிப்பிடுவதன் பொருள், 10 மி.மீ. தேனீ சென்சாரின் (கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சில்லு) மீதும் 10 மி.மீ. நீளத்துக்கே பதியும் என்பதாகும். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் உள்ள ஏபிஎஸ்-சி என்ற அளவுடைய சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. என்பதால், இந்தியத் தேனீ படத்தின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், கொசுத்தேனீ ஆறில் ஒரு பங்காகவும் இருக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் அந்த ஆறில் ஒரு பங்கே ஏறத்தாழ 1,000 பிக்சல் நீளம் வரும். இனத்தை அடையாளம் காண அது போதும்; சுவர்ப்படத்தில் கொசுத்தேனீ மட்டும் நிறைந்திருக்க வேண்டுமென்றால் இன்னும் கூடுதலான உருப்பெருக்கம் தேவைப்படும்.

இதைவிட முக்கியமானது, லென்ஸின் முகப்புக்கும் தேனீக்கும் இடையே மிஞ்சும் இடைவெளி. ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கலாம் என்ற வசதி கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தூரத்தில் கேமராவின் நிழலே பூவை மூடிவிடும், தேனீயும் அதற்கு முன்பே போயிருக்கும். 100 மி.மீ. அளவிலான மேக்ரோ லென்ஸ், ஒன்றுக்கு ஒன்று நிலையிலும் 10 முதல் 15 செ.மீ. வரை இடைவெளி தருகிறது. ஆகவே என் தேர்வு, ஒருமுறை கைமாறிய ஏபிஎஸ்-சி கேமராவும், கேனன் 100 மி.மீ. அல்லது டாம்ரான் 90 மி.மீ. மேக்ரோ லென்ஸும் ஆகும். டாம்ரானின் பழைய வகைகளில் மோட்டார் இல்லாதவை உண்டு. அவை நிக்கானின் தொடக்கநிலை கேமராக்களில் தானாக ஃபோகஸ் செய்யாது. அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டாம், ஏனெனில் இந்த வேலைக்குத் தானியங்கி ஃபோகஸ் பெரிதாக உதவுவதில்லை. லென்ஸை வேண்டிய உருப்பெருக்கத்தில் நிறுத்திவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, கண் தெளிவாகும் கணத்தில் அழுத்துவதே நம்பகமான முறை.

ஒரு சிறு திருத்தத்தையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நீலப்பட்டைத் தேனீக்கு மகரந்தக் கூடை கிடையாது. அதன் பின்னங்காலில் தூரிகை போன்ற அடர்ந்த மயிர்களே மகரந்தத்தைத் தாங்குகின்றன. கூடைக்கும் தூரிகைக்கும் உள்ள இந்த வேறுபாட்டையே ஒரு சுவர்ப்படமாக்கினால் மாணவர்களுக்கு மிகவும் பயன்படும்.

பதில் 2: தும்பைப்பூ

கருவண்டு சொன்னதில் எனக்கு மறுப்பில்லை; ஆனால் தனி மேக்ரோ லென்ஸ் இல்லாமலே முடியும் வழி ஒன்றும் இருக்கிறது. ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற சிறிய லென்ஸை, 52 முதல் 67 மி.மீ. வரை வடிகட்டி அளவுள்ள (முன்புறம் ஃபில்டர் திருகும் வளையத்தின் விட்டம்) எந்த லென்ஸின் முன்னாலும் கவ்விப் பொருத்தலாம். அதன் திறன் 8 டயாப்டர் (அதாவது, குவியத்தூரம் 125 மி.மீ.) என்பதால், பின்னால் இருக்கும் லென்ஸ் எதுவாயினும், தேனீ சுமார் 12 செ.மீ. தூரத்தில் இருக்கும்போதுதான் தெளிவு கிடைக்கும். பின்னால் இருக்கும் லென்ஸின் குவியத்தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) 125 மி.மீ. ஆல் வகுத்தால் உருப்பெருக்கம் தெரிந்துவிடும்.

பானசோனிக் எஃப்இசட் 300 போன்ற ஜூம் கேமராவின் உண்மையான குவியத்தூரம் முழு ஜூமில் 108 மி.மீ. அதன் சென்சார் மிகச் சிறியது என்பதால், முழு ஜூமில் ஏறத்தாழ 7 மி.மீ. அகலமே படத்துக்குள் அடங்கும். அதாவது, கொசுத்தேனீ பாதிக்கு மேல் நிறைந்து நிற்கும்; இந்தியத் தேனீக்கு ஜூமைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். சிறிய சென்சார் வெளிச்சக் குறைவில் விரைவில் புள்ளி புள்ளியாகிவிடும் என்பது இவ்வழியின் குறை. நல்ல வெயிலிலோ ஃபிளாஷுடனோ எடுத்தால் ஏ4 அளவு அச்சுக்குக் குறை வராது. டிஎஸ்எல்ஆரும் அதனுடன் 55-250 மி.மீ. ஜூமும் வைத்திருப்பவர்கள் இதே லென்ஸைப் பொருத்தி இரண்டு மடங்கு உருப்பெருக்கம் பெறலாம். தனி மேக்ரோ லென்ஸ் பலவற்றால் அது முடியாது.

பதில் 3: பனங்காடு

கேமராவைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பலரும் பணத்தை முழுவதும் லென்ஸில் கொட்டிவிட்டு இங்கேதான் தவிக்கிறார்கள். ஏபிஎஸ்-சி கேமராவில், ஒன்றுக்கு ஒன்று நிலையில், அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) எஃப் 11 வைத்தாலும் தெளிவாகப் பதியும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைக் கூட எட்டாது. அப்பர்ச்சரை இன்னும் சுருக்கினால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (விளிம்பு விளைவு) மொத்தப் படமும் மங்கும். எனவே எஃப் 8 முதல் 11 வரை நிற்க வேண்டும், அதற்குப் பூவின் நிழலில் வெளிச்சம் போதாது. தேனீ நொடிக்கு 200 முறைக்கு மேல் சிறகடிக்கும் என்பதால், நொடியில் 250இல் ஒரு பங்கு என்ற ஷட்டர் வேகத்தில் சிறகு ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று அடித்து முடித்திருக்கும். தனி ஃபிளாஷை 32இல் ஒரு பங்கு திறனில் வைத்தால், அதன் ஒளி நீடிக்கும் நேரம் நொடியில் சுமார் 10,000இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சிறகை உறையச் செய்வது அந்த ஒளிதான், ஷட்டர் அல்ல.

கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ் போதாது. லென்ஸின் நிழலே தேனீயின் மேல் விழும். ஆகவே பட்ஜெட்டில் தனி ஃபிளாஷுக்கு இடம் விடுங்கள். அதன் முன்னால் டிரேசிங் தாளையோ பால்வெள்ளை பிளாஸ்டிக் தகட்டையோ வளைத்து, தேனீக்கு மிக அருகே வரும்படி கட்டுங்கள். தேனீயின் வயிற்றுப் பட்டைகள் பளபளப்பானவை. இந்தத் திரை இல்லாவிட்டால் வெள்ளைக் கீற்றுகள்தான் மிஞ்சும்.

ரப்பர்த்தோட்டம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய கேமராவும் 100 மி.மீ. மேக்ரோவும் ஃபிளாஷும் வாங்குவதென்று முடிவு செய்கிறேன். கொசுத்தேனீக்கு உருப்பெருக்கம் போதாவிட்டால் ரேநாக்ஸைப் பிறகு சேர்த்துக்கொள்கிறேன். இனி, எங்கே, எந்த நேரத்தில் நின்றால் தேனீ சற்றாவது அசையாமல் கிடைக்கும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கருவண்டு:

கொசுத்தேனீக்குக் கிணற்றுச் சுவரே சிறந்த இடம். கூட்டின் நுழைவாயிலாக அவை கட்டும் பிசின் குழாயின் வாயில் காவல்தேனீக்கள் பெரும்பாலும் அசையாமல் அமர்ந்திருக்கும். கொட்டாது என்பதால் பொறுமையாக நெருங்கலாம். இந்தியத் தேனீப் பெட்டியின் வாசலில், தலையை வெளிப்புறம் காட்டி நின்றபடி சிறகால் காற்று வீசும் தேனீக்களைப் பாருங்கள்; அவை ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்கும். வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் அமருங்கள். மகரந்தக் காட்சிக்குச் சூரியகாந்தி நல்லது. ஒரே பூத்தலையில் பல சிறுபூக்கள் இருப்பதால் தேனீ அதைச் சுற்றிச் சுற்றி வரும்.

நீலப்பட்டைத் தேனீயைக் கத்தரிப் பூவில் பிடிப்பது கடினம், ஓரிரு நொடிகளில் அகன்றுவிடும். அதன் ஆண் தேனீக்கள் அந்தி நேரத்தில் மெல்லிய தண்டுகளைத் தாடையால் கவ்விக்கொண்டு, சில வேளைகளில் கூட்டமாகவே உறங்கும். தோட்டத்தின் ஓரத்துக் காய்ந்த புற்களையும் கொடிகளையும் மாலையில் தேடிப் பார்த்து வையுங்கள். மறுநாள் வெயில் ஏறுமுன் டிரைபாட்டுடன் அங்கே போனால், ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றிணைக்கும் அளவுக்கு நேரம் கிடைக்கும். ஆனால் ஆண் தேனீ மகரந்தம் சேர்ப்பதில்லை. பின்னங்கால் தூரிகைக்கு நீங்கள் கத்தரிச் செடியின் அருகே பெண் தேனீக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.