‘ரவுட்டர்’: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும், வியாழன் இரவுக்குள்

சென்னை, மொழிபெயர்ப்பாளர் (திங்கள் காலை)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் ஒரு சிறு கையேடு அச்சிடுகிறது. வீட்டுக்கு வயர்லெஸ் ரவுட்டர் வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியதை எங்கே வைக்க வேண்டும் என்பதுதான் பொருள். எல்லாமே 550, 600 சதுர அடி வீடுகள். படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். தமிழாக்கம் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

‘இருபட்டைத் திசைவி வாங்குங்கள், அதன் வீச்சு ஒரு வீட்டுக்குப் போதும்’ என்று எழுதிச் சங்கச் செயலாளரிடம் காட்டினேன். ‘திசைவி என்றால் திசைகாட்டும் கருவியா? கப்பலில் வைப்பார்களே, அதுவா?’ என்று கேட்டார். படித்தவர், தினமும் இரண்டு செய்தித்தாள் வாசிப்பவர். அவருக்கே புரியவில்லை என்றால் சொல்லை மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. ரவுட்டர், டூயல் பேண்ட் (இரண்டு அலைவரிசைகளில் இயங்குவது), ரேஞ்ச், மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுதும் அலை பரப்பும் அமைப்பு) ஆகிய நான்குக்கும் உங்கள் பரிந்துரைகளை வியாழன் இரவுக்குள் தர வேண்டுகிறேன்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (திங்கள் மாலை)

அம்மா, செயலாளர் தடுமாறியதில் வியப்பில்லை. ‘திசைவி’ இலக்கணத்துக்குள் அடங்காத சொல். ‘வி’ ஈறு வினையடியோடு சேரும். கல்வி, கேள்வி, வேள்வி, தோல்வி எல்லாம் அப்படி வந்தவை. அவை தொழிலைக் குறிக்கின்றன, தொழிலைச் செய்யும் பொருளைக் குறிக்கவில்லை. கருவியைக் குறிக்க வேண்டுமானால் நம் மொழி பெரும்பாலும் இகர ஈற்றையே நாடும்: மண்வெட்டி, இடிதாங்கி, வடிகட்டி. ‘திசை’யோ பெயர்ச்சொல். பெயரின் பின்னால் ‘வி’யை ஒட்டவைத்து ஒரு கருவியைப் படைத்துவிட முடியாது.

‘திசைத்தல்’ என்றொரு வினை பழைய அகராதிகளில் உண்டுதான். ஆனால் அதற்குப் பொருள் திகைத்தல், மயங்குதல். ககரமும் சகரமும் மாறி வருவது நாம் அறிந்ததே. திசையைத் ‘திகை’ என்றும் பழம்பாடல்கள் சொல்லும். அந்த வினையிலிருந்து பிறந்ததாகக் கொண்டால் திசைவி ‘மயங்கச் செய்வது’ என்றாகிவிடும்.

என் பரிந்துரை ‘வழிப்படுத்தி’. வழிப்படுத்து என்னும் வினை, இகர ஈறு. எந்தக் குறையும் இல்லை.

பெங்களூரு, வலையமைப்புப் பொறியாளர் (திங்கள் இரவு)

ஐயாவின் இலக்கணத்தை ஏற்கிறேன். ‘கருவி’ என்ற சொல்லே வி ஈற்றில்தான் முடிகிறது என்று எதிர்வாதம் செய்ய இடமிருந்தாலும் அதற்குள் நான் போகவில்லை. என் கவலை, அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதை இங்கே யாரும் இன்னும் பேசவில்லையே என்பதுதான்.

வீட்டில் நாம் ரவுட்டர் என்று வாங்கும் பெட்டிக்குள் மூன்று கருவிகள் இருக்கின்றன. வெளி இணையத்துக்கும் வீட்டுக்கும் இடையே தரவுப் பொதிகளை, அதாவது சிறு துண்டுகளாகப் பிரித்த தகவலை, அனுப்புவது ஒன்று. இதுதான் உண்மையான ரவுட்டர். கம்பி வழியாகக் கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றை இணைக்கும் சுவிட்ச் இரண்டாவது. வைஃபை அலை பரப்பும் அணுகுமுனை மூன்றாவது. சிறிய வீட்டுக்காரருக்குத் தொல்லை தருவது எப்போதும் இந்த மூன்றாவதுதான். படுக்கையறையில் சிக்னல் இல்லை என்பாரே தவிர, பொதிகள் வழி தவறிவிட்டன என்று எவரும் புகார் சொல்வதில்லை. ஆகவே வழி, திசை என்று எதை வைத்தாலும் வாங்குபவருக்கு முக்கியமில்லாத பகுதிக்கே பெயர் வைக்கிறோம். ‘வைஃபை பெட்டி’ என்று மக்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒன்று. அட்டைப்பெட்டியில் ‘ஏசி 1200’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. எந்தக் கைபேசிக்கும் அந்த வேகம் கிடைக்காது. அதைவிட முக்கியமானவை பின்பக்கத்தில் கம்பி செருகும் ஓட்டைகள். விலை குறைந்த பல பெட்டிகளில் அவை நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே தாங்கும். நொடிக்கு 200 மெகாபிட் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டும் வீட்டில் அப்படி ஒன்றை மாட்டினால் பாதி வேகம் வாசலிலேயே நின்றுவிடும். ‘கிகாபிட்’ என்ற சொல் பெட்டியின் மேல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம், கணினி ஆசிரியை (செவ்வாய் காலை)

வணக்கம். எங்கள் வகுப்பில் ரவுட்டர் ‘வழிப்படுத்தி’தான். மதுரை ஐயா சொல்வதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. சுவிட்சை நாங்கள் ‘ஆளி’ என்கிறோம். இரண்டே எழுத்து, பிள்ளைகள் மறப்பதில்லை.

ஆனால் ‘வீச்சு’ என்று எழுதியிருப்பது கவலை தருகிறது. தமிழ்நாட்டுப் பௌதிகப் புத்தகங்களில் வீச்சு என்பது அலையின் உயரம் அல்லவா? நாங்கள் அதை வீச்சம் என்போம். நீங்கள் அதிர்வெண் என்பதை நாங்கள் மீடிறன் என்று படிக்கிறோம். இரண்டு கரைகளும் ஏற்கெனவே இவ்வளவு விலகி இருக்கும்போது, அலையைப் பற்றிய கையேட்டில் வேறு பொருளுக்கு வீச்சைப் பயன்படுத்தினால் படித்த பிள்ளை குழம்புவாள். ‘எட்டம்’ என்று ஒரு சொல் எங்கள் பேச்சில் உண்டு. தூரம் என்று பொருள். அலை எவ்வளவு எட்டுமோ அது அதன் எட்டம்.

எங்கள் ஊரில் இந்த வேலை புதிதல்ல. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், உடற்கூற்றுக்கும் அறுவை மருத்துவத்துக்கும் தமிழில் நூல்கள் ஆக்கினார். மாணவனுக்கு முன்னால் நிற்கிறவருக்குச் சொல் உடனே வேண்டும். அந்த அவசரத்தில் பிறந்த சொற்கள் பல நன்றாகவே இருக்கின்றன.

தஞ்சாவூர், சங்க இலக்கிய ஆய்வாளர் (செவ்வாய் நண்பகல்)

வழிப்படுத்தி என்பது நல்ல சொல்தான். ஆனால் அதற்கு ஈராயிரம் ஆண்டு மூத்த உறவு நம் வீட்டிலேயே இருக்கும்போது ஏன் விட்டுவிட வேண்டும்? ‘ஆறு’ என்றால் வழி. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை: முருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, இரு பாணாற்றுப்படைகள், கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனிடம் இன்ன வழியில் போ, இன்ன ஊரில் தங்கு, இன்ன வள்ளலைக் காண்பாய் என்று சொல்லி அனுப்புகிறான். ரவுட்டர் செய்வதும் அதுதான். அது பொதியைத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அடுத்த நிறுத்தத்தைச் சொல்லி விடுகிறது, அங்கிருப்பது அதற்கடுத்ததைச் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர் ஊராகக் கடந்துதான் கிடங்கிலுக்குப் போகிறோம். அந்த அமைப்பு அப்படியே இங்கே இருக்கிறது.

‘ஆற்றுப்படுத்தி’ என்று வைப்போம். படுத்து என்னும் வினையும் இகர ஈறும் மதுரை ஐயா கேட்டபடியே அமைகின்றன. ‘படை’ என்பதைப் படுத்தலின் தொழிற்பெயராகக் கொள்வதா, படைத்தலோடு சேர்ப்பதா என்பதில் எனக்குத் தனிக் கருத்து உண்டு. அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன்.

திருநெல்வேலி, பள்ளி மனநல ஆலோசகர் (செவ்வாய் மாலை)

நான் வழக்கமாக எழுதுவதில்லை. ஆயினும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் துறையில் மன உளைச்சலில் இருப்பவரோடு பேசி வழிகாட்டுவதற்கு ‘ஆற்றுப்படுத்துதல்’ என்றே பெயர். செய்பவர் ஆற்றுப்படுத்துநர். எத்தனையோ பேர் அரும்பாடுபட்டு நிலைநிறுத்திய சொல் இது. ‘வீட்டுக்கு ஓர் ஆற்றுப்படுத்தி தேவை’ என்று நோயாளியின் குடும்பத்தார் படித்தால் என்னைத்தான் தேடி வருவார்கள். தயவுசெய்து இதை எடுக்காதீர்கள்.

கோயம்புத்தூர், தனித்தமிழ் ஆர்வலர் (செவ்வாய் இரவு)

‘வைஃபை’ என்றும் ‘ரவுட்டர்’ என்றும் அச்சில் ஏற்றக் குழுவே பரிந்துரைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது. வடசொல்லையே வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னவர் தொல்காப்பியர். வைஃபைக்கு ‘அருகலை’ இருக்கிறது, பிராட்பேண்ட் எனும் அகலப்பட்டைக்கு ‘ஆலலை’, ஹாட்ஸ்பாட்டுக்குப் ‘பகிரலை’, புளூடூத்துக்கு ‘ஊடலை’. ஒரே குடும்பமாக நான்கு சொற்கள். ஏன் தயக்கம்?

நாம் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, அதே பிராட்பேண்டுக்கு வழங்கும் ‘அகண்ட அலைவரிசை’யே சான்று. அகண்டம் என்றால் துண்டுபடாதது, கண்டத்தின் எதிர்மறை. அகன்றதற்கு அகன்ற என்றுதான் எழுத வேண்டும். ஆனால் எல்லா நாளிதழ்களிலும் அகண்டதுதான் உட்கார்ந்திருக்கிறது.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (புதன் காலை)

கோவை நண்பரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் ‘அருகலை’யைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். அருகு + அலை என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். வாசகர் அருகல் + ஐ என்றும் பிரிக்கலாம். அருகல் என்றால் குறைதல், அரிதாதல். ‘ஊடலை’ இன்னும் கடினம். மருதத்திணை படித்தவன் எவனும் அதை ஊடல் + ஐ என்றே படிப்பான். சொல்லாக்கத்தில் பொருள் மட்டும் போதாது, வேற்றுமை ஏற்று வாக்கியத்தில் நிற்கும்போது மயங்காமல் இருக்க வேண்டும். ‘அருகலையை அணைக்கவும்’ என்று எழுதிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

‘அகண்ட காவிரி’ என்று திருச்சிப் பக்கம் மக்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள் என்பதையும் கோவை நண்பர் கருத வேண்டும். அங்கே அகன்ற காவிரி என்று திருத்தப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கோயம்புத்தூர், தனித்தமிழ் ஆர்வலர் (புதன் காலை)

அகண்ட காவிரி வேறு, ஐயா. கிளை பிரியாத காவிரி என்ற பொருளில் அங்கே அகண்டமே பொருந்தும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரியும் வரை அது துண்டுபடாத ஆறு. மேற்கொண்டு எழுத நிறைய இருக்கிறது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர் (புதன் நண்பகல்)

பெரியவர்களே, காவிரியைத் தனி இழையில் தொடர வேண்டுகிறேன். அதை நானும் ஆவலோடு படிப்பேன். எனக்கு நாளை இரவு கெடு.

நான் எழுதியாக வேண்டிய செய்திகள் இவை. புதிதாக வாங்கும் முன், இணைய நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டியிலேயே வைஃபை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அதுவும் போதுமானதாக இருந்தால் வேறு தேவையில்லை. தனியாக வாங்கினால் பழைய பெட்டியும் புதியதும் ஒரே வேலையைச் செய்து முட்டிக்கொள்ளாதபடி ஒன்றை அணுகுமுனையாக மட்டும் வையுங்கள். வாசலோரச் செருப்பு அலமாரியிலும் பரணிலும் வைக்காதீர்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்கவே வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், தோள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும், ஆனால் அண்டை வீடுகள் எல்லாம் அதில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒன்றையொன்று தொடாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கான்கிரீட் சுவரில் தளர்ந்துவிடும். 600 சதுர அடிக்கு மெஷ் தேவையே இல்லை.

எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்து அம்மையார் ஒருவர் மூன்று பெட்டி கொண்ட மெஷ் தொகுப்பைக் கடைக்காரர் சொன்னார் என்று வாங்கி, இரண்டை உறை பிரிக்காமலே வைத்திருக்கிறார். அவருக்குப் போய்ச்சேர வேண்டிய எழுத்து இது. அவர் கடைக்குப் போய் எந்தச் சொல்லைச் சொன்னால் சரியான பெட்டி கைக்கு வருமோ அந்தச் சொல் கையேட்டில் இருந்தே ஆக வேண்டும். கடைக்காரருக்கு வழிப்படுத்தியும் தெரியாது, திசைவியும் தெரியாது.

பெங்களூரு, வலையமைப்புப் பொறியாளர் (புதன் மாலை)

வழிமொழிகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘வைஃபை ரவுட்டர்’ என்று எழுதி, ‘இதைத் தமிழில் திசைவி என்கிறோம்’ என ஒரு வரி சேர்த்துவிட்டு, பிறகு திசைவி என்றே தொடருங்கள். இலக்கணக் குறை இருக்கலாம். ஆனால் விக்கிப்பீடியாவிலும் தமிழாக்கிய மென்பொருள்களிலும் அது ஏற்கெனவே பரவியிருக்கிறது. தேடுபவருக்கு அகப்படும். டூயல் பேண்டுக்கு ‘இரட்டை அலைவரிசை’ போதும்; பட்டை என்றால் மக்களுக்கு மரப்பட்டைதான் நினைவுக்கு வரும்.

சிங்கப்பூர், மென்பொருள் தமிழாக்கர் (வியாழன் காலை)

திசைவிக்கு என் ஆதரவு. விவாதித்தபடியே இருந்தால் ஒரு சொல்லும் பழகாது. ‘கம்பியில்லா’ என்ற அடையை மட்டும் கைவிட வேண்டாம். கம்பியில்லாத் தந்தி என்று நம் பாட்டன்மார் காலத்திலேயே புழங்கிய சொல். வல்லினம் மிகும் என்பதை அச்சுக்கோப்பவரிடம் சொல்லிவிடுங்கள்: கம்பியில்லாத் திசைவி.

சென்னை, மொழிபெயர்ப்பாளர் (வியாழன் இரவு)

அனைவருக்கும் நன்றி. எழுதியவர்களில் பெரும்பாலோர் திசைவியை ஏற்றதாலோ எதிர்க்கக் களைத்ததாலோ, அதையே வைத்துக்கொள்கிறேன். முதற்பக்கத்தில் ‘வைஃபை ரவுட்டர்’, அடுத்து ‘கம்பியில்லாத் திசைவி’, பிறகு திசைவி. வீச்சை நீக்கிவிட்டு ‘அலை எட்டும் தொலைவு’ என்று எழுதிவிட்டேன். யாழ்ப்பாணத்து அம்மாவின் எட்டம் அதற்குள் இருக்கிறது. மெஷ்ஷுக்குச் சொல் அமையவில்லை. தேவையில்லை என்று சொல்லப்போகும் பொருள்தானே என்று மெஷ் என்றே விட்டிருக்கிறேன்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (வியாழன் இரவு)

என் மறுப்பைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். பரவிவிட்டது என்பதற்காக ஒரு சொல் சரியாகிவிடாது. கையேடு அச்சாகட்டும், தடுக்கவில்லை. நான் எழுதும் இடங்களில் வழிப்படுத்தி என்றே எழுதுவேன்.

யாழ்ப்பாணம், கணினி ஆசிரியை (வெள்ளி காலை)

நானும் அப்படியே, ஐயா. எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் வழிப்படுத்தி என்றுதான் எழுத வேண்டும். சென்னை அம்மாவிடம் ஒரு கேள்வி: கையேட்டில் ஃபைபர் பெட்டியை ‘மோடம்’ என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா? இரண்டும் ஒன்றல்ல. அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.