புதுப்பிப்பு: இஎஸ்ஐ நிரந்தர ஊனப் பயன் 11 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது

பிரஸ் மெஷினில் வலக்கை ஆள்காட்டி விரலின் மேல் இரண்டு கணுக்களை இழந்த எனக்கு, இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவ வாரியம் சம்பாதிக்கும் திறனில் 11 விழுக்காடு இழப்பு மட்டும் நிர்ணயித்ததைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, நடுவிரலின் விறைப்பையும் தனியே பதிவு செய்யச் சொன்ன யோசனைதான். சட்ட அட்டவணையில் இரண்டு கணு இழப்புக்கு 11 விழுக்காடே உண்டு என்பதால் முதல் கணக்கில் பிழையில்லை. ஸ்பேனரைப் பிடித்தால் நடுவிரல் மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்பதை நான்தான் அன்று காட்டத் தவறினேன். எலும்பு மருத்துவர் ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து தந்த சான்றையும், என் வேலையில் அந்த விரலின் பங்கை விளக்கும் கடிதத்தையும் இணைத்து, 3 மாதக் கெடுவுக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தேன். விசாரணைக்குப் பின் 18 விழுக்காடு ஆனது.

எதிர்பாராதவை இரண்டு. வேலை செய்ய முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடாக வந்த தற்காலிக ஊனப் பயன் நின்ற மறுநாளிலிருந்தே நிரந்தர ஊனப் பயனின் நிலுவையைக் கணக்கிட்டார்கள். மீண்டும் அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் மாதத் தொகை குறையவில்லை. இது தெரியாமல் வேலைக்குத் திரும்பவே அஞ்சிக்கொண்டிருந்தேன்.