தமிழில் எழுதிப் பேசக்கூடிய கவுன்சலர் தேவை

வணக்கம். தம்பிக்கு 22 வயது, கோலாலம்பூர் செந்தூலில் எங்களோடுதான் இருக்கிறான். மூன்று மாதமாக விடியும்வரை தூக்கமில்லை, வகுப்புக்கும் போவதில்லை. சாப்பிட மட்டும் அறையை விட்டு வருவான், அதுவும் எல்லோரும் படுத்த பிறகு.

முதலில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தேன். எதை எழுதினாலும் மூச்சை இழுத்து விடச் சொன்னதாம்; நான்காம் நாளே அழித்துவிட்டான். அப்புறம் வீடியோவில் கவுன்சலிங், மணிக்கு 150 ரிங்கிட். இரண்டு தடவையோடு சரி. "மலாயில் எனக்கு அழ வரலைக்கா" என்றான். கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) அம்மா விடமாட்டார், தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம். (கோயில் கயிறு மட்டும் கட்டியாயிற்று.)

சாகும் எண்ணம் இல்லை என்கிறான். இருந்தாலும் ஹீல் 15555 என்ற மனநல உதவி எண்ணை அவன் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். ஆனால் யாரிடமும் வாய்விட்டுப் பேசமாட்டான், எழுதுவான்.

கோலாலம்பூரில், 1998 கவுன்சலர் சட்டப்படி பதிவு பெற்றவர்களில், தமிழில் மெசேஜ் வழியாகவே ஆலோசனை தருகிறவர் யாரையாவது தெரியுமா?