போ ஜாக்சன் ஸ்கூல் காலம்: ஒரே சீசன்ல பேஸ்பாலும் ட்ராக்கும் எப்படி ஆடினார்?

ரன்னிங்பேக்:
போ ஜாக்சன் என்எஃப்எல்லயும் (அமெரிக்க ஃபுட்பாலோட ப்ரொஃபஷனல் லீக்) மேஜர் லீக் பேஸ்பால்லயும் ஆடினது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், எனக்கு அதுக்கு முந்தின கதை வேணும். அலபாமால மெக்அடோரி ஹைஸ்கூல்ல படிக்கும்போது ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்ல, பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற அமெரிக்க ஃபுட்பால்), பேஸ்பால், ட்ராக் (ஓட்டம், தாண்டுதல்னு வர்ற தடகளம்) மூணுலயும் இருந்திருக்கார். ஃபுட்பால் வருஷக் கடைசிக்குள்ள முடிஞ்சிரும், அதுல பிரச்சனை இல்ல. ஆனா பேஸ்பாலும் ட்ராக்கும் ஸ்ப்ரிங்லதானே வருது, மேட்சும் மீட்டும் ஒரே நாள்ல இடிக்குமே, ஒரே பையன் ரெண்டு டீம்லயும் எப்படி இருந்தார்? கடைசி வருஷம் 25 மேட்ச்ல 20 ஹோம்ரன் (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிச்சார்னு சொல்றாங்களே, நெசமா? டெகாத்லான்ல 1500 மீட்டர் ஓடாமலே ஜெயிச்சார்னு வேற சொல்றாங்க, அது எப்படின்னு எனக்கு சுத்தமா புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

டக்அவுட்:
நெசம்தான் ப்ரோ. 25 மேட்ச்ல 20 ஹோம்ரன், அப்போ அது தேசிய அளவுல ஹைஸ்கூல் ரெக்கார்டு. நீங்க கேட்ட இடிக்கிற பிரச்சனையும் இருந்துச்சு, ட்ராக் மீட் இருந்த நாள்ல பேஸ்பால் மேட்ச்சை விட்டுட்டுப் போயிருக்கார், அப்படி சில மேட்ச் போனதுக்கு அப்புறமும் வந்த கணக்குதான் இந்த 20. இதை யோசிச்சாலே எனக்கு புல்லரிக்குது, ஏன்னா பேட்டிங் டைமிங்கிறது தினம் பந்து பாத்தாதான் கைக்கு நிக்கும்னு எல்லா கோச்சும் சொல்லுவாங்க, இவர் நடுவுல போய் ஹைஜம்ப் தாண்டிட்டு வந்து திரும்ப பேட் எடுத்திருக்கார். இன்டோர் ஹைஜம்ப்ல 6 அடி 9 அங்குலம் தாண்டினவர், உடம்பு ஃபுட்பால்காரன் உடம்பு, அதையும் சேத்து யோசிங்க.

1500 விஷயம் ரொம்ப சிம்பிள். டெகாத்லான்ல 10 ஈவென்ட், ரெண்டு நாள் நடக்கும். ஒவ்வொரு ஈவென்ட்லயும் உங்க நேரம் இல்ல தூரத்துக்கு டேபிள்படி பாயின்ட் கொடுப்பாங்க, கடைசில எல்லாத்தையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவங்க சாம்பியன். அதாவது எல்லா ஈவென்ட்லயும் ஜெயிக்கணும்னு இல்ல. 1500 எப்பவுமே பத்தாவதா வரும், இவருக்கு தூர ஓட்டம்னா பிடிக்கவே பிடிக்காது, அதனால முதல் ஒன்பதுலயே மத்தவங்க எட்ட முடியாத அளவுக்கு பாயின்ட் சேத்துட்டு கடைசி ஓட்டத்தை விட்டுருவார். இப்படி ரெண்டு தடவை ஸ்டேட் சாம்பியன்.

ஆனா என்னைக் கேட்டா அந்த வயசுல அவர் செஞ்ச பெரிய காரியம் இது எதுவும் இல்ல. 1982ல மேஜர் லீக் பேஸ்பால் டீம் யாங்கீஸ், டிராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புது ஆளுங்களை தேர்ந்தெடுக்கிறது) ரெண்டாவது ரவுண்ட்ல அவரை எடுத்துச்சு, ஹைஸ்கூல் முடிச்ச பையனுக்கு யாங்கீஸ்கிட்ட இருந்து காசு வருது, வீட்ல பத்து பிள்ளைங்க, அம்மா வீட்டு வேலை செஞ்சு வளத்தவங்க, அப்படியும் வேண்டாம்னுட்டு ஆபர்ன் யுனிவர்சிட்டிக்கு ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்ல போனார். குடும்பத்துல காலேஜ் போற முதல் ஆளா இருப்பேன்னு அம்மாகிட்ட சொன்ன வாக்கு. அங்கேயும் பேஸ்பால், ட்ராக் ரெண்டையும் விடல. 1985ல காலேஜ் ஃபுட்பாலோட சிறந்த ஆட்டக்காரருக்குத் தர்ற ஹைஸ்மன் ட்ராஃபி வாங்கினார்.

லாக்ராஸ்_ரசிகன்:
போ பெரிய ஆள்தான், மறுக்கல. ஆனா ஸ்கூல் லெவல்னு வந்தா, பின்னாடி என்எஃப்எல் ஸ்டார் ஆன ஜிம் பிரவுனை விட்டுட்டு பேசக்கூடாது. நியூயார்க் மாநிலத்துல மேன்ஹாசெட் ஹைஸ்கூல், 13 வார்சிட்டி லெட்டர், அதாவது ஸ்கூலோட மெயின் டீம்ல ஒரு சீசன் ஒழுங்கா ஆடினா கிடைக்கிற அந்த எழுத்து பேட்ஜ், அதுல 13. ஃபுட்பால், பாஸ்கெட்பால், பேஸ்பால், லாக்ராஸ் (வலை கட்டின குச்சியால பந்தைப் பிடிச்சு எறியுற கேம்), ட்ராக். பாஸ்கெட்பால்ல ஒரு மேட்ச்சுக்கு சராசரி 38 பாயின்ட், அதுவும் தூரத்துல இருந்து போட்டா மூணு பாயின்ட்ங்கிற ரூலே இல்லாத காலத்துல! லாக்ராஸ்ல அவர் அளவுக்கு யாரும் வந்ததில்லைன்னு இன்னிக்கும் சொல்றவங்க நிறைய பேர். என் ஓட்டு அவருக்குத்தான்.

ஹர்டில்ஸ்:
பொண்ணுங்க பேரை இன்னும் யாருமே எடுக்கலையே. ஜாக்கி ஜாய்னர் கெர்சி, ஈஸ்ட் செயின்ட் லூயிஸ்ல லிங்கன் ஹைஸ்கூல், பாஸ்கெட்பால், வாலிபால், ட்ராக் மூணும் ஆடினவங்க. 14 வயசுல ஆரம்பிச்சு தேசிய ஜூனியர் பென்டாத்லானை (5 ஈவென்ட்) வரிசையா நாலு வருஷம் ஜெயிச்சாங்க. அமெரிக்கால ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கும் சம வாய்ப்பு தரணும்னு சட்டமே 1972லதான் வந்துச்சு, அதுக்குக் கொஞ்ச வருஷத்துல ஹைஸ்கூல் வந்த தலைமுறை இவங்க, இன்னும் பத்து வருஷம் முன்னாடி பிறந்திருந்தா இவ்வளவு டீம் கிடைச்சிருக்குமாங்கிறதே சந்தேகம். அப்புறம் யூசிஎல்ஏக்கு பாஸ்கெட்பால் ஆடத்தான் ஸ்காலர்ஷிப்ல போனாங்க, அங்கதான் ஆஸ்துமான்னு தெரிய வந்துச்சு, அதோடவே ஆடி 1988 சோல் ஒலிம்பிக்ஸ்ல ஹெப்டாத்லான்ல (7 ஈவென்ட்) 7,291 பாயின்ட் எடுத்தாங்க. அந்த வேர்ல்ட் ரெக்கார்டை இன்னும் யாரும் தொடல. லாங் ஜம்ப் தங்கமும் அதே ஒலிம்பிக்ஸ்ல.

ரன்னிங்பேக்:
சூப்பர் எல்லாரும். @டக்அவுட் பாயின்ட் டேபிள் விளக்கத்துக்கு ரொம்ப தேங்க்ஸ், இப்பதான் தெளிவாச்சு. இன்னொரு கேள்வி, இப்ப இருக்கிற பசங்க ஏன் இந்த மாதிரி வரதில்ல? எல்லாரும் பத்து வயசுலயே ஒரே கேம்ல உக்காந்துடுறாங்களே.

டக்அவுட்:
முன்ன அளவுக்கு இல்ல, ஆனா வராங்க. என்எஃப்எல் குவார்ட்டர்பேக் (டீமுக்காக பந்தை எறியுறவர்) பேட்ரிக் மஹோம்ஸ் டெக்சாஸ்ல வைட்ஹவுஸ் ஹைஸ்கூல்ல ஃபுட்பால், பேஸ்பால், பாஸ்கெட்பால் மூணும் ஆடினவர்தான், 2014ல மேஜர் லீக் பேஸ்பால் டீம் டைகர்ஸ் கூட டிராஃப்ட்ல எடுத்துச்சு. உடம்பை சாய்ச்சு எந்தக் கோணத்துல இருந்தும் எறியுறாரே, அது பேஸ்பால் கை. பிரச்சனை என்னன்னா இப்ப ஸ்கூல் சீசன் முடிஞ்சாலும் க்ளப் டீம், ட்ராவல் டீம்னு அதே கேம் வருஷம் முழுக்க ஓடுது, அடுத்த கேமுக்கு இடமே இல்ல. அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கம் 2016லயே சொல்லிட்டாங்க, 15, 16 வயசு வரைக்கும் ஒரே விளையாட்டுல முடக்காதீங்க, ஒரே மூட்டுக்கு திரும்பத் திரும்ப வேலை கொடுத்தா காயம்தான் வரும்னு. எத்தனை பேரண்ட்ஸ் கேக்குறாங்க? உங்க வீட்டுப் பசங்க கோச் யாராவது "அந்த கேமை விட்டுட்டு இங்க மட்டும் வா"ன்னு சொன்னா, முதல்ல அந்த கோச்சை மாத்துங்க.